பச்சையப்பன் தர்மமும் எங்க பெஞ்சும்

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் ரெண்டு விசயத்துக்காக வருகிறார்கள். ஒன்று கோயில், இன்னொன்று பட்டு. இங்கே ஒரு பழைய கல்லூரி இருப்பதைப் பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை. ஆனால் இந்த ஊரைச் சுற்றியிருக்கிற சேரிகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஏகாம்பரநாதரும் வரதராசரும் கொடுக்காத ஒன்றை எங்க வீடுகளுக்குக் கொண்டுவந்தது அந்தக் கல்லூரிதான் என்பார்கள். காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி. 1947இல் தொடங்கியது. கலைப் பாடமும் அறிவியலும் சொல்லித்தருகிற, அரசு உதவி பெறும் தனியார் கல்லூரி. எங்க அண்ணன் அங்கே பி.ஏ. வரலாறு படித்தான். எங்க வம்சத்தில் கல்லூரி வாசப்படி மிதித்த முதல் ஆள் அவன்தான்.

அந்த வாசப்படிக்கு வந்து சேர எங்க ஆட்களுக்கு எத்தனை காலம் ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

காஞ்சியின் கல்விப் பெருமையை மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நாவுக்கரசர் பாட்டை எடுத்துவிடாத பட்டிமன்றமே கிடையாது. பல்லவர் காலத்தில் இங்கே கடிகை இருந்தது. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்கிற பார்ப்பனன் வேதம் படிக்க இங்கே வந்தான். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு சண்டை வந்தது. அவமானம் தாங்காமல் வாளெடுத்துக் கிளம்பிப் போய் கடம்ப அரசையே உண்டாக்கினான். தாளகுந்தா கல்வெட்டு இதைச் சொல்கிறது. பார்ப்பன மாணவனுக்கு ஒரு அவமானம் நேர்ந்தால் ஒரு ராச்சியமே பிறக்கிறது. நமக்கு நேர்ந்த அவமானங்களுக்குக் கணக்குப் போட்டால் எத்தனை ராச்சியம் வேண்டும்!

பக்கத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலை எல்லாவற்றையும் கணக்கோடு சொல்கிறது. ரிக் வேதம் படிக்கிறவனுக்கு இவ்வளவு நெல், யசுர் வேதம் படிக்கிறவனுக்கு இவ்வளவு நெல் என்று படியளந்திருக்கிறார்கள். அந்த நெல்லை நட்டவள், அறுத்தவன் பேர் கல்லில் இல்லை.

இதே காஞ்சியில் பௌத்தம் இருந்தது. நாலந்தாவுக்குத் தலைமை ஏற்ற தர்மபாலர் இந்த ஊர்க்காரர். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் இங்கிருந்த விகாரைகளைப் பற்றி எழுதிவைத்தார். இன்று அந்த விகாரைகள் எங்கே என்று கேட்டால் வழிகாட்டி ஆள் நம்மை ஒருமாதிரி பார்க்கிறான். அது தனிக்கதை.

பச்சையப்பரிடம் வருவோம். 1754இல் பிறந்தவர். அப்பனில்லாத பிள்ளையாக வளர்ந்து, பவுனி நாராயண பிள்ளை என்கிற துபாஷியின் ஆதரவில் தொழில் கற்றார். கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று மொழியும் பணமும் கைமாற்றி விடுகிறவர்தான் துபாஷி. பச்சையப்பரும் துபாஷியானார். தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நாற்பது வயதில், 1794இல் செத்துப்போனார். சாகுமுன் உயில் எழுதிவைத்தார். சொத்தில் பெரும்பகுதி கோயில் கட்டளைக்கும் தர்மத்துக்கும் போகவேண்டும் என்பது அவர் விருப்பம். உறவுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பணம் பல வருசம் கோர்ட்டில் கிடந்து வட்டி குட்டி போட்டுப் பெருத்தது. கோயில் காரியத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிடலாம் என்று அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதற்கு முன்நின்றார். 1842 சனவரி முதல் தேதி சென்னை பிராட்வேயில் பள்ளி திறந்தது. 1889இல் அது முதல்நிலைக் கல்லூரி ஆனது. பச்சையப்பர் பேரில் காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பள்ளிகள் வந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணாதுரை காஞ்சிபுரம் பள்ளியிலும் சென்னைக் கல்லூரியிலும் படித்து வந்தவர்தான்.

வெள்ளைக்காரன் பணமும் மிசன் பணமும் இல்லாமல், நம்ம ஊர் ஆள் சொத்தில் எழுந்த கல்விக்கூடம் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமை சரிதான். யாருக்கு எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? இந்துக்களுக்கு மட்டும். 1947 வரைக்கும் இந்த விதி இருந்தது. முசுலிமுக்கும் கிறித்தவருக்கும் இடமில்லை. அப்ப நாங்க? மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வருகிறபோது நாங்க இந்து. வடம்பிடிக்க ஆள் குறைந்தாலும் இந்து. பள்ளிக்கூட வாசலில் மட்டும் பஞ்சமன். நெடுங்காலம் பச்சையப்பன் கதவு எங்களுக்கு அடைத்தே இருந்தது. இந்த இந்துப் பட்டியலே வேண்டாம் என்று அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டது சும்மா இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நடந்த ஒன்றையும் பார்க்கணும். ஜான் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837இல் சென்னை ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1838இல் ரெண்டு பறையர் வீட்டுப் பையன்கள் நெற்றியில் சாதி இந்துக் குறி போட்டுக்கொண்டு அங்கே சேர்ந்துவிட்டார்கள். விசயம் வெளியே வந்ததும் வகுப்பு கொதித்தது. ஒன்று அவர்களை அனுப்பு, இல்லாட்டி தனியாக உட்கார வை என்று மற்றப் பையன்களும் பெற்றோர்களும் மல்லுக்கட்டினார்கள். ஆண்டர்சன் ரெண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நிறையப் பேர் பள்ளியை விட்டுப் போனார்கள். ரெண்டு பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு ஒரு பள்ளிக்கூடமே காலியாகப் பார்த்தது! அடுத்த வருசம், 1839இல், அதே ஆண்டர்சன் காஞ்சிபுரத்தில் கிளைப்பள்ளி திறந்தார். இன்றும் அவர் பேரில் பள்ளி இருக்கிறது.

மிசன்காரர்களை நான் புனிதராக்கவில்லை. மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதை ஒளிக்கவும் இல்லை. தேவாலயத்துக்குள்ளே சாதியை விட்டுவைத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அந்த ரெண்டு பையன்களின் பெஞ்சை அவர் நகர்த்தவில்லை. அந்தப் பையன்கள் நெற்றியில் வேசம் போட்ட தைரியத்தை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. படிக்கிறதுக்கு வேசம் போடவேண்டியிருந்தது.

இந்த மண்ணில், கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்க் கலாசாலைக் காலத்தை எழுதியிருக்கிறார். நானூறு பேரில் பத்துப்பேர் தவிர மற்றதெல்லாம் பார்ப்பனர். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் விளையாடாமல், மணி அடிக்கிறவரை வெளியே ஒதுங்கியிருந்து படித்துவிட்டு உள்ளே போவாராம். பின்னாளில் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரோடு உட்கார்ந்த மனுசன் மாணவப் பருவத்தைக் கழித்த விதம் இது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்றொரு சின்னக் கலைக்கல்லூரி உண்டு. அடிமை ஒழிப்புக்காரர்கள் 1855இல் தொடங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் படித்தார்கள். 1904இல் மாநில அரசே சட்டம் போட்டு அதைப் பிரித்தது. அங்கே பிரிக்கச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, பழக்கமே போதுமானதாக இருந்தது. சட்டத்தைத் திருத்திவிடலாம், 1950இல் அவர்கள் திருத்தினார்கள்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி திறந்த 1947இல்தான் அறக்கட்டளையின் இந்து மட்டும் என்கிற விதியும் போனது. அதனால் சென்னைக் கல்லூரியின் பழைய பாவம் இந்தக் கல்லூரியின் தலையில் நேராக விழாது. அதையும் நியாயமாகச் சொல்லிவிடணும். மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை அமலில் இருந்த நேரம். பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பதினாலு இடத்துக்கு ரெண்டு எங்களுக்கு. செண்பகம் துரைராசன் வழக்கில் அந்த ஆணை விழுந்ததும், 1951இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு வருசம் முந்தி, 1946இல், பாபாசாகேப் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். இங்கே சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பேரில் பள்ளி கண்டார். பச்சையப்பர் பேரிலும் பள்ளி இருக்கிற அதே சிதம்பரம். நந்தனார் பள்ளி வட்டிப்பணத்தில் வளரவில்லை. சகஜானந்தர் வீடு வீடாக, ஊர் ஊராகப் போய் வளர்த்தார்.

இனி தறிக்கு வருகிறேன், ஏனென்றால் எங்க அண்ணன் கல்லூரிக்குப் போனது தறிக்குழியிலிருந்து எழுந்துதான்.

காஞ்சிப் பட்டின் பேரே கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்க்கணும். நெசவுக்காரர் ஒரு ஆளால் முடியாது. ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல தலைமுறையாகச் சின்னப் பிள்ளையின் கை. பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் அது அடையும்வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. கூலியிலோ முன்பணம் கழியாது. இன்னொரு முதலாளி பழைய கடனைக் கட்டி நம்மை எடுத்துக்கொள்வார், கடன் மட்டும் கூடவே வரும். 1996இலும் 2003இலும் மனித உரிமை அமைப்பின் அறிக்கைகள் காஞ்சிபுரத்தின் இந்தக் கொத்தடிமையை உலகத்துக்குச் சொல்லின. எங்களுக்கு அறிக்கை வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்தது. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. கரை நாடா எறிந்த பிள்ளைகளுக்கு அதில் ஒரு குறியீடும் இல்லை.

அப்பா அண்ணனுடைய முன்பணத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். "நீ போடா, இது என்னோட கெடக்கட்டும்" என்றார். அண்ணன் கல்லூரிக்குப் போன மூணு வருசமும் அம்மா கரை நாடா எறிந்தாள். பச்சையப்பர் விட்ட சொத்தைப் பற்றி அத்தனை புத்தகம் இருக்கிறது. எங்க அம்மா எறிந்த நாடாவும் அந்தக் கல்லூரிக்குக் கட்டிய கட்டளைதான் என்று நான் எழுதுகிறேன்.

நான் படித்தது வேறு ஊர், வேறு கல்லூரி. பேர் வேண்டாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் சங்கப் பாட்டு நடந்துகொண்டிருக்கும். ஆபீசிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று, "எஸ்.சி. எல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம்" என்பார். நாங்க ஏழுபேர் எழுந்து நிற்போம். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் என்கூட ஒரே டிபன் பாக்சில் சாப்பிட்டவள் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, வார்த்தை இல்லை. 1838இல் அந்தப் பையன்கள் நெற்றிக்குறியை அழித்துவிட்டு நின்ற நிமிசம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சம்பளம் அரசாங்கம் தருகிறது, ஆளை நிர்வாகம் எடுக்கிறது. 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் சட்டம் வந்து ஏறக்குறைய அரைநூற்றாண்டு ஆகிறது. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியாக இருந்தாலும், மாணவர் பெஞ்சைத் தாண்டி ஆசிரியர் அறைக்குள் எத்தனை நாற்காலி எங்களுக்கு வந்தது என்று துறைவாரியாக எண்ணிப் பார்க்கணும். மாணவர் அமைப்புத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அய்ம்பது, அறுபதுகளில் காஞ்சிபுரம் கல்லூரியில் சேர்ந்த நம்ம பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆசிரியராக, கிராம நிர்வாக அலுவலராக, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். எந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். எங்க அண்ணனிடம் நான் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மூணாவது பெஞ்சு, சன்னல் ஓரம்" என்றான்.