குன்றேறிக் கண்ட நாடு

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் கூதிர் என்றனர் முன்னோர். குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் எனத் தொல்காப்பியம் வகுக்கும். மழை கழுவிய வானின்கீழ்த் தோழனொடு குன்றேறி நாற்றிசையும் நோக்கும் இன்பம், சென்னிமலையையும் சிவன்மலையையும் அண்மையிற் கொண்ட வேலம்பாளையத்தார்க்குப் புதிதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு குன்றேறி நின்ற இருவரைப் பற்றிய செய்தி இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. ஒருவன் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன். மற்றவர் குறிஞ்சி பாடுவதில் நிகரற்ற கபிலர்.

பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து இவ்வேந்தன்மீது கபிலர் பாடியது. அவர் பெற்ற பரிசிலை அதன் பதிகம் கூறுகிறது. நூறாயிரம் காணம் பொன் அளித்தும் வேந்தன் மனம் அமையவில்லை; நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று, தன் கண்ணிற்பட்ட நாடெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்பது அச்செய்தி. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை. ஆதலின் கொடையின் அளவை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. எனினும் குறிஞ்சிப் புலவருக்கு நாடளிக்க ஒரு குன்றையே இடமாகக் கண்ட மரபு எண்ணத்தக்கது.

நன்றா என்பது பவானியின் பழம்பெயராகிய திருநணாவைக் குறிக்கும் என அறிஞர் சிலர் கருதுவர். இவ்வேந்தனுக்கும் கொங்குக்கும் உள்ள தொடர்புக்கு வேறு சான்றுகளும் உண்டு. ஏழாம் பத்தில் கபிலர் பாடும் கொடுமணம், நொய்யற்கரையில் உள்ள கொடுமணலே ஆகும். 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் அங்கு மணிகளும், இரும்புருக்கு உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூவர் பெயர் உள்ளன. அம்மூவருள் முதல்வனே செல்வக்கடுங்கோ என்பர் ஆய்வாளர்.

புலவர்க்கும் வேந்தனுக்கும் இடையே நிலவியது பரிசில் உறவு மட்டுமன்று. வேந்தன் கபிலரின் கையைப் பற்றி, அதன் மென்மையை வியந்தான் என்கிறது புறநானூற்றின் 14ஆம் பாடற் குறிப்பு. யானையும் குதிரையும் செலுத்தி, வில்லேந்தி உரம்பெற்றது நின் கை. உண்பதன்றி வேறு தொழில் அறியாதது பாடுவோர் கை எனப் புலவர் விடை பகர்ந்தார். கைப்பற்றி உரையாடும் இவ்வண்மை நட்பின் அடையாளம்.

ஆயினும் கபிலர் உள்ளத்தில் முன்னரே ஒரு குன்று இருந்தது. அது பாரியின் பறம்பு. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அது என்பர். மூவேந்தர் முற்றுகைக்குப்பின் பாரி மறைய, அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் பறம்பை நீங்கினார். இங்கு நிற்போர்க்கும் அம்மலை தோன்றும், சற்றுத் தொலைவு சென்று நிற்போர்க்கும் தோன்றும் என்று திரும்பி நோக்கி அவர் பாடியது புறநானூற்றின் 114ஆம் பாடல். செல்வக்கடுங்கோவின் அவையிலும் பாரியின் பெயரை அவர் மறைக்கவில்லை. பாரி சென்றான் என்பதற்காக இரக்க வரவில்லை, நின் புகழ் கேட்டே வந்தேன் என்னும் பொருள்படவே ஏழாம் பத்தைத் தொடங்குகிறார்.

நன்றாக் குன்றிலிருந்து கபிலர் கண்டது கைக்கு வந்த நாடு. பெருவழியில் நின்று அவர் கண்டது கைவிட்டுப்போன குன்று. இவற்றுள் அவர் வாழ்வை முடித்து வைத்தது இரண்டாவதே. பாரி மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றங்கரையில் அவர் தீப்புகுந்தார் என்று முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கும். வடக்கிருந்த வேளையில் பாடிய 236ஆம் புறப்பாட்டிலும், தன்னை உடன் அழைத்துச் செல்லாத பாரியையே அவர் நொந்துகொள்கிறார்.

கண்ணுக்கு எட்டிய நாட்டைக் கொடுத்த சேரன் வள்ளல். கண்ணுக்கு எட்டாத நிலையிலும் புலவர் நெஞ்சை ஆண்ட பாரி தோழன். கொங்குக் குன்றுகளில் கூதிர்க்காலத்தில் ஏறி நிற்கும் பாவலர், இவ்விருவரையும் ஒருங்கே நினைவுகூர்தல் தகும்.