தேங்காய் நீரில் வளர்ந்த ஊமத்தை

உறவினமான இரு பூஞ்செடிகளைக் கலந்தால் காய் பிடிப்பதுண்டு. ஆனால் காயினுள் வித்துச் சூம்பிக் கிடக்கும், மண்ணிலிட்டாலும் முளைக்காது. இவ்விரண்டும் சேரா இனங்கள் என்று தோட்டக்காரர் கைவிட்டுவிடுவர். குறை முளையத்தில் உள்ளதா, அதற்கு உணவூட்டும் வித்தகவிழையத்தில் உள்ளதா என்று பிரித்துப் பார்த்தவர் ஜேர்மனிய அறிஞர் பிரீட்ரிக் லைபாக் ஆவார்.

1904ஆம் ஆண்டிலேயே ஹன்னிக் என்பவர் முள்ளங்கியின் முளையங்களை வித்தினின்றும் பிரித்து வளர்த்திருந்தார். அவை முதிர்ந்தவை, நலமுள்ளவை. லைபாக் எடுத்துக்கொண்டவையோ சாகும் நிலையில் இருந்தவை. நீலப்பூப் பூக்கும் ஆளி இனங்களான லீனம் பெரெனே, லீனம் ஒஸ்திரியாக்கம் ஆகிய இரண்டையும் கலந்து, சூம்பிய வித்துகளைக் கீறி, உள்ளிருந்த முளையங்களுக்குச் சீனிநீர் ஊட்டினார். அவை பிழைத்துச் செடியாகிப் பூத்தன. 1925இல் அவர் இதனை வெளியிட்டார். பிள்ளையில் குறையில்லை, தாய்ப்பாலிலேதான் குறை என்பது அன்று தெளிவாயிற்று.

எனினும் சீனிநீர் ஓரளவு வளர்ந்த முளையத்துக்கே போதுமானது. அமெரிக்காவில் ஊமத்தை இனங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அல்பேட் பிளேக்ஸ்லீ இதனை நன்கு உணர்ந்தார். ஊமத்தைக் கலப்புகள் எல்லாம் ஒரே கட்டத்தில் அழிவதில்லை. சிலவற்றில் முளையம் ஒரு சில கலங்களோடு நின்றுவிடும்; சிலவற்றில் இதய வடிவம் எய்திய பின் நிற்கும். எவ்வளவு இளமையோ அவ்வளவு கடினம். சீனியும் உப்புகளும் உயிர்ச்சத்துகளும் கொடுத்தும் இளம் முளையங்கள் வளர மறுத்தன.

1941இல் வான் ஓவர்பீக், கொங்க்லின், பிளேக்ஸ்லீ ஆகிய மூவரும் அவற்றுக்குத் தேங்காய் நீரைக் கொடுத்தனர். ஆங்கிலக் கட்டுரைகள் இதனைத் தேங்காய்ப்பால் என்றே குறிப்பிடுகின்றன. அது துருவிப் பிழிந்த பாலன்று, காயினுள் இருக்கும் நீரே. தெரிவு பொருத்தமானதுதான். அந்நீர் தென்னையின் திரவ நிலையிலுள்ள வித்தகவிழையம் அல்லவா? தென்னை தன் முளையத்துக்கென வைத்த உணவை ஊமத்தை உண்டு வளர்ந்தது. கலப்பிரிவைத் தூண்டும் சியேற்றின் என்னும் பொருள் அந்நீரில் உண்டென்பது 1970களில் அறியப்பட்டது.

1944இல் பிளேக்ஸ்லீயும் சோபியா சற்றினாவும் முளைதானியச் சாற்றைக் கலந்த ஊட்டத்திலே முளையங்களை வளர்த்து, அதுவரை சேராதிருந்த ஊமத்தை இனங்களின் கலப்புச் செடிகளைப் பெற்றனர். கோயில் பூசைக்குரிய இப்பூவின் கதை அங்கும் நிற்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் மற்றோர் ஊமத்தை இனமான தத்தூரா இனொக்சியாவின் மகரந்தப் பைகளை ஊட்டத்தில் இட்டு வளர்த்தபோது, சூலுமின்றிக் கலப்புமின்றி மகரந்தமணிகளிலிருந்தே முளையங்கள் தோன்றின. அவர்கள் அதை 1964இல் உலகுக்கு அறிவித்தனர்.