றங்குப் பெட்டியும் கையெழுத்து வாசிக்கும் இயந்திரமும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, எமது குடும்பம் தென்மராட்சிக்குக் கொண்டுசென்றவற்றுள் ஒரு சிறிய றங்குப் பெட்டியும் இருந்தது. அதற்குள் நகையில்லை. சில காணி உறுதிகளும் பூட்டனாரின் குறிப்புக் கொப்பி ஒன்றுமே இருந்தன. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் நிரம்பி அடியெடுத்து வைக்க இடமற்றிருந்த அந்த மழையிரவில், அம்மா அந்தப் பெட்டியை ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு உறுதியின்மீது ஏன் இத்தனை பிடிப்பு என்று தென்னிலங்கை நண்பர்கள் கேட்பதுண்டு. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரைப் பின்பற்றிக் காணிகளையும் அவற்றுக்குரியோரையும் தோம்புகளிற் பதிந்தனர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துரைத்தது. அத்தொகுப்பு தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டு, அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே ஏற்கப்பட்டது. ஒருவர் எழுதியதை ஒருவர் மட்டும் வாசித்தாற் போதாது என்பது அன்றைய கொம்பனி அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது.

1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது அச்சு நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பொதுவிடத்தில் இருந்தவை போனபின், வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியவற்றின் பெறுமதி பன்மடங்காயிற்று. ஆயினும் நான் எங்கள் பெட்டியைப் பல ஆண்டுகளாகத் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பழைய நொத்தாரிசுமாரின் கையெழுத்தை வாசிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும், சொல் எங்கே முடிகிறது என்று தெரியாது.

அண்மையிற் கனடாவிலுள்ள மருமகன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பும்படி கேட்டான். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று அவற்றை மூன்று நாளில் அச்செழுத்தாக்கித் தந்தது. எனக்கு வியப்பில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கடிதங்களும் அறிக்கைகளும் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்கள், நெதர்லாந்தில் இவ்வாறே இயந்திரத்தால் வாசிக்கப்பட்டு இணையத்திற் கிடைக்கின்றன. இலங்கையிலிருந்து சென்ற கடிதங்களும் அவற்றுள் அடங்கும். ஆனால் அங்கே மனிதர் வரிக்கு வரி பெயர்த்தெழுதிய பல்லாயிரம் பக்கங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்கினார்கள். எங்கள் நொத்தாரிசுமாரின் கையெழுத்துக்கு அத்தகைய பயிற்சியை யார் கொடுத்தார்கள்?

முதல் விளைவு நகைப்புக்குரியது. பூட்டனாரின் கொப்பியில் 'மேற்படி' என்பதற்கான பழைய குறி பல இடங்களில் வரும். அது ஷகரத்தை இழுத்துச் சுழித்ததுபோல் இருக்கும். இயந்திரம் அதை ஒரு பெயரின் முதலெழுத்தாகக் கொண்டு 'ஷண்முகம்' என்று நிரப்பிவிட்டது. வம்சத்தில் ஒருபோதும் பிறவாத ஷண்முகத்தாருக்கு மருமகன் குடும்ப மரத்தில் ஒரு கிளையும் ஒதுக்கிவிட்டான்.

இரண்டாவது நகைப்புக்குரியதன்று. 1893ஆம் ஆண்டுச் சீதன உறுதியிற் பங்குக் கிணறு ஒன்று வருகிறது. "மாமா, கிணத்திலை எங்களுக்குப் பாதி இருக்கு" என்றான் மருமகன். அச்செழுத்திலும் 'அரைப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று ஐயத்துக்கிடமின்றி இருந்தது. முப்பது வருடம் பத்திரிகையில் இருந்து, இரண்டாவது ஆளிடம் கேளாமல் ஒரு விபத்துச் செய்தியைக்கூட அச்சுக்கு அனுப்பாத நான், மூலத்தைப் பாராமலே தங்கைக்குச் சொன்னேன். அந்தக் காணிக்கு இப்போது உரித்தானவள் அவள். அவள் பக்கத்துக் காணி அக்காவுக்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டாள்.

யுத்தகாலம் முழுவதும் அந்தக் கிணற்றை இறைத்துக் கலக்கித் தூரெடுத்துக் காத்தவர்கள் அவர்கள்தான். அந்த அக்கா சற்றுநேரம் பேசவில்லையாம். பிறகு, "அப்பிடியெண்டால் நாங்கள் இவ்வளவு காலமும் உங்கடை தண்ணியையோ அள்ளினது?" என்று கேட்டாராம்.

அன்றிரவுதான் பெட்டியைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அமர்ந்தேன். வரியின் முடிவில் 'அரைக்' என்றிருந்தது. அடுத்த வரி தாளின் மடிப்பிலே தேய்ந்து கிடந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது 'கால்' தெரிந்தது. அரைக்கால். எட்டில் ஒரு பங்கு. மங்கிய இடத்தை இயந்திரம் மங்கலாக விடவில்லை. எது வரக்கூடும் என்று கணித்து, சந்தியும் பிசகாமல் எழுதிவிட்டது. மனிதர் பிழையாகப் பிரதி செய்தால் அங்கே ஒரு தடுமாற்றம், ஒரு வெட்டல், ஒரு கேள்விக்குறி இருக்கும். இதில் ஒன்றுமில்லை.

அக்காவுக்கு நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, உங்கடை அம்மம்மா எங்களுக்குச் சொன்னதும் அரைக்கால் எண்டுதான்" என்றார். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

இயந்திரத்தைத் தூக்கியெறிந்தேனா என்றால், இல்லை. கொப்பியின் கடைசித் தாளின் ஓரத்தில், நான் கறையென்று எண்ணித் தாண்டிப்போன ஒரு வரியை வாசித்ததும் அதுதான். விகாரி வருடம் ஆனி மாதம் ஒரு பெண் பிறந்ததாகவும், ஆடியில் இறந்ததாகவும் அதில் இருந்தது. அருகே இயந்திரம் தானாக '1959' என்று சேர்த்திருந்தது. விகாரி அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1959இற் பூட்டனார் உயிரோடில்லை. ஆகவே அது 1899.

அம்மம்மாவுக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். அம்மம்மா எங்களுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கே சொல்லப்பட்டிராது. ஷண்முகத்தாரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அந்தக் குழந்தையைப் பெயரில்லாமலே சேர்க்கும்படி மருமகனுக்கு எழுதினேன். அச்செழுத்தின் பக்கத்தில் மூலத்தாளின் படத்தையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.