உழவர் மகன் இயற்றிய ஆங்கில இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் இளைஞரிற் பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவ்வச்சம் அவர்தம் அறிவின் குறையால் விளைந்ததன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட நாட்டிலும் ஏரோட்டியும் நெசவு செய்தும் பிழைத்த மக்கள் ஒரு காலத்தில் இவ்வாறே அஞ்சினர், அஞ்சும்படி செய்யப்பட்டனர். அவ்வரலாற்றையும், அதனோடு அம்மொழியின் வாக்கிய அமைப்பையும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

முதற்கண் அமைப்பினைக் காண்போம். ‘வேலன் முத்துவை அழைத்தான்’ என்றாலும், ‘முத்துவை வேலன் அழைத்தான்’ என்றாலும் தமிழிற் பொருள் மாறுவதில்லை. இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ பொருளைக் காத்து நிற்கிறது. பழைய ஆங்கிலமும் இவ்வாறே பெயர்ச் சொற்களுக்கு வேற்றுமை ஈறுகளைக் கொண்டிருந்த மொழிதான். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே சிதையத் தொடங்கிய அவ்வீறுகள், அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. உருபு போனபின் பொருளைக் காக்கும் பொறுப்பு சொல் நிற்கும் இடத்திற்கு வந்து சேர்ந்தது. ‘தி டாக் பிட் தி மேன்’ என்றால் நாய் மனிதனைக் கடித்தது. சொற்களை இடம் மாற்றி ‘தி மேன் பிட் தி டாக்’ என்றால் மனிதன் நாயைக் கடித்துவிட்டான்! எழுவாய் முன்னே, பயனிலை இடையே, செயப்படுபொருள் பின்னே என்னும் வரிசை இவ்வாறு நிலைபெற்றது.

மற்றொன்றும் உண்டு. ‘வந்தேன்’ என்னும் ஒரு சொல்லே, வந்தவன் நான் என்பதைத் தன் விகுதியால் உணர்த்திவிடும். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் கூறினால் வந்தவர் யாரென்று விளங்காது. ஆகவே அம்மொழியில் எழுவாயை மறைத்து வைத்தல் எளிதன்று. ‘அவர் ஆசிரியர்’ என வினையின்றி முடிப்பதும் அங்குச் செல்லாது, ‘இஸ்’ வேண்டும். நம் மாணவர் செய்யும் பிழைகளிற் பெரும்பகுதி, தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் நேர்வது என்பது நம் கருத்து.

ஒருவரை விளித்து ‘யூ ஆர்’ என்று ஏன் பன்மை வினையால் கூற வேண்டும் என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினாவே. முன்னாளில் ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்கத் ‘தௌ’ என்னும் சொல் இருந்தது. அது நம் ‘நீ’ போன்றது. ‘யூ’ என்பது பலரைக் குறித்து, பின்னர் மேலோராகிய ஒருவரையும் மதிப்புடன் குறிக்கலாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரைப் பின்பற்றிய குவேக்கர்கள், மாந்தருள் உயர்வு தாழ்வு இல்லை எனக் கூறி, நீதிபதியையும் ‘தௌ’ என்றே விளித்து, அடியும் சிறையும் பெற்றனர். ஆயினும் வழக்கு வேறு திசையிற் சென்றது. ‘தௌ’ பொதுப் பேச்சினின்று மறைந்தது. ‘யூ’ எல்லோர்க்கும் உரியதாயிற்று. ‘அடே’ என்றும் ‘நீ’ என்றும் மட்டுமே ஊரில் விளிக்கப்பட்டு வந்த குடும்பங்களிற் பிறந்த நமக்கு இச்செய்தி வெறும் இலக்கணக் குறிப்பன்று.

இவ்வாறு மக்கள் நாவில் உருவான மொழிக்கு 18ஆம் நூற்றாண்டில் கற்றோர் விதிகள் வகுத்தனர். அவற்றுட் பெரும்புகழ் பெற்றது, பின்னர் இலண்டன் பேராயராக விளங்கிய ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட சிறு நூல். விதிகள் பயனுள்ளவையே. ஆனால் அவை வேலியாகவும் பயன்பட்டன. 1793இல் ஷெஃபீல்டு நகர மக்கள் நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டி அனுப்பிய மனுவை, அதன் மொழி மதிப்புடையதாக இல்லை என்று கூறிப் பொதுச்சபை ஏற்க மறுத்தது. என்ன கேட்டனர் என்பதை ஆராயாமல், எவ்வாறு கேட்டனர் என்பதைக் காட்டிக் கதவடைத்தல் நாமும் அறியாததன்று.

அவ்வேலியைத் தாண்டியவர் வில்லியம் காபெட். 1763இல் ஃபார்ன்ஹாம் என்னும் ஊரில் சிறு உழவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். அவருடைய பாட்டனார் நாட்கூலி. சிறுவயதில் விதைத்த நிலத்திற் பறவை விரட்டியவர். 1784இல் படையிற் சேர்ந்தபோது கூலி நாளொன்றுக்கு ஆறு பென்சு. சாத்தம் பாசறையில் படைத்தலைவர் ஒருவர் அறிவுரைப்படி லௌத்தின் நூலைப் பெற்று, முழுவதும் கையாற் படியெடுத்து, மனப்பாடம் செய்து, காவல் நிற்கும்போதெல்லாம் தமக்குள் ஒப்பித்துக்கொண்டார். படுக்கையின் விளிம்பே இருக்கை. மடிமீது வைத்த பலகையே மேசை. தாள் வாங்கிய நாளில் உணவு குறைந்தது. ஒரு முறை மறுநாள் மீன் வாங்குவதற்கென வைத்திருந்த அரைப் பென்னி தொலைந்துவிட, போர்வைக்குள் தலையைப் புதைத்துக் குழந்தைபோல் அழுததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். அந்த அரைப் பென்னியின் மதிப்பை நம் பெற்றோர் நன்கறிவர்.

பின்னர் அவர் பெரும் இதழாளரானார். படைவீரரைக் கசையால் அடித்ததைக் கண்டித்து எழுதியமைக்காக 1810இல் இரண்டாண்டுச் சிறையும் ஆயிரம் பவுன் தண்டமும் பெற்றார். 1817இல் அடக்குமுறைக்குத் தப்பி அமெரிக்கா சென்று, லாங் ஐலண்டில் தங்கி, தம் மகனுக்கு எழுதிய கடிதங்களாகவே ஓர் ஆங்கில இலக்கணம் இயற்றினார். 1818இல் நியூயார்க்கில் வெளிவந்த அந்நூலின் தலைப்பிலேயே, அது சிறப்பாகப் படைவீரர், மாலுமிகள், தொழில் பயில்வோர், ஏரோட்டும் சிறுவர் ஆகியோர்க்கு உரியது என்று குறித்தார். பிந்திய பதிப்பில், அரசரின் உரையிலும் அமைச்சர், பேராயர் எழுத்துகளிலும் காணப்படும் பிழைகளைப் பிரித்துக் காட்டும் ஆறு பாடங்களையும் சேர்த்தார். பெரியோர் எழுதிய வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை என்பதை ஏரோட்டும் சிறுவன் கண்டு நகைக்கலாயினான்! 1832இல் ஓல்டாம் தொகுதியிலிருந்து அப்பொதுச்சபைக்கே உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒன்றை மறைத்தலாகாது. இதே காபெட் கறுப்பின மக்களையும் யூதர்களையும் இழித்து எழுதியவர். தம்மவர் விடுதலையை வேண்டியவர், பிறர் விடுதலையைக் காணாது போனார். அவர் நூலைக் கொள்வோம். அவர் வெறுப்பைக் கொள்ளோம்.

நம் நாட்டில் ஆட்சியாளர்க்கு எடுத்துரைக்க வேண்டியவை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காலத்தில், அம்மொழி அறியாதோர் மனு எழுதுவோரின் தயவில் நின்றனர். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் தம் அறிக்கையைத் தாமே அளித்தார். பள்ளி ஆசிரியராகிய எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்டோர் நிலை குறித்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். இவர்கட்கு இடையில் நின்று எழுதித்தர எவரும் தேவைப்படவில்லை.

இறுதியாக, செயப்பாட்டுவினை பற்றி ஒரு சொல். சுடுகாட்டுப் பாதையை ஒருவர் அடைத்துவிட்டார் எனக் கொள்வோம். மனுவில் ‘தி பாத் வாஸ் க்ளோஸ்ட்’ என்று எழுதினால் இலக்கணம் பிழையன்று. ஆனால் அடைத்தவர் அவ்வாக்கியத்தில் இல்லை. எழுவாயை மறைப்பதற்கு ஆங்கிலம் விட்டு வைத்துள்ள வழி இதுவே. அலுவலகக் கடிதங்கள் இவ்வழியை மிகவும் விரும்புகின்றன. மனு எழுதும் நம் இளைஞர் ‘க்ளோஸ்ட்’ என்னும் வினைக்கு முன்னே அடைத்தவர் பெயரை நிறுத்தி எழுதிப் பழகுக.