கேள்வி ஞானமும் பதிவான பாடமும்



நம் மொழியில் 'கேள்வி ஞானம்' என்றொரு சொல் இருக்கிறது. முறையாகப் பாடம் கற்காமல் கேட்டுக் கேட்டே இசையறிந்தவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது. ஆனால் கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும். திண்ணை வேண்டும், கூடம் வேண்டும், சபாவில் ஒரு நாற்காலி வேண்டும். குருவின் வாசற்படி ஏற முடியாதவருக்குக் கேள்வி ஞானம் எங்கிருந்து வரும்? மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டித் தந்தவர்களுள் பலர் நம் மக்கள். டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் அதை விரிவாக எழுதியது. நாதம் பிசகினால் கண்டுபிடிக்கும் காது அவர்களுடையது. ஆனாலும் இசையறிந்தோர் பட்டியலில் அவர்களை யாரும் சேர்த்ததில்லை.

இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் பேசப்போவது வேறொரு நாட்டின் கதை. ஐரோப்பியச் செவ்வியல் இசையைப் பதிவுசெய்த விரிவுரைகள் வழியாக அமெரிக்காவில் கற்பித்த வரலாறு. இதற்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். எங்களில் நான்கைந்து பேர் மாணவர் விடுதியில் ஒரு பழைய மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து இந்த உரைகளைக் கேட்டுத்தான் சிம்பொனி என்றால் என்னவென்று அறிந்தோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று அந்தக் குரல் கேட்கவில்லை. புரியாத இடத்தைப் பத்து முறை திரும்பப் போட்டாலும் முகம் சுளிக்கவில்லை.

தொடக்கம் இசைத்தட்டில். அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1911இல் பிரான்சஸ் எலியட் கிளார்க் என்ற இசை ஆசிரியையை அழைத்துக் கல்வித்துறை ஒன்றைத் தொடங்கியது. பள்ளிகளுக்கு இசைத்தட்டு விற்பது வியாபாரம்தான், சேவை என்று மயங்க வேண்டாம். பிறகு வானொலி வந்தது. வால்டர் டாம்ராஷ் 1928 முதல் 1942 வரை என்.பி.சி.யில் பள்ளிக் குழந்தைகளுக்கு இசை ரசனைப் பாடம் நடத்தினார். இந்தப் பாடத்தை ஜெர்மானியத் தத்துவவாதி அடோர்னோ கடுமையாக விமர்சித்தார். மெட்டை அடையாளம் காணப் பழக்குகிறார்களே தவிர, இசையைப் புரியவைப்பதில்லை என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அடோர்னோவின் தாயார் பாடகி. வீட்டுக்குள்ளேயே இசை கிடைத்தவர், வெளியே நிற்பவருக்குக் கிடைத்த முதல் துண்டை ஏளனமாகப் பார்ப்பது நமக்குப் பழக்கமான காட்சிதான்.

1954 நவம்பர் 14 அன்று லெனார்டு பெர்ன்ஸ்டீன் 'ஆம்னிபஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை விளக்கினார். படப்பிடிப்புத் தளத்தின் தரையில் அந்த சிம்பொனியின் முதல் பக்கம் பெரிதாக வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு கருவிக்குரிய கோட்டிலும் அந்தக் கருவியை வாசிப்பவர் நின்றார். தொடக்கத்துக்குத் தேவைப்படாதவர்களை அவர் விலகச் சொல்ல, தந்திக் கருவிகளும் கிளாரினெட்டும் மட்டும் எஞ்சின. பீத்தோவன் எழுதிவிட்டு அடித்துப்போட்ட வரைவுகளையும் வாசித்துக் காட்டினார். முதலில் இப்படி எழுதினார், சரியில்லை, அடித்தார், மறுபடி எழுதினார், அதையும் அடித்தார்.

எங்களை உலுக்கியது இதுதான். சங்கீதம் பிறப்போடு வரும், ரத்தத்தில் ஓடும், பரம்பரை வாசனை வேண்டும் என்றே நம் ஊரில் கேட்டு வளர்ந்தோம். இங்கே ஒருவர் இசையை உழைப்பாகக் காட்டினார். கிழித்து, ஒட்டி, தோற்று, மறுபடி செய்யும் கைவேலை. கைவேலை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்.

1958 ஜனவரி 18 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் பெர்ன்ஸ்டீனின் இளையோர் கச்சேரிகள் தொடங்கின. 1972 வரை 53 நிகழ்ச்சிகள். முதல் நாள் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையை வாசித்துவிட்டு, இது எதைப் பற்றியது என்று குழந்தைகளைக் கேட்டார். அது பிரபலமான குதிரைவீரன் தொடரின் முகப்பு இசை என்பதால் 'லோன் ரேஞ்சர்' என்று அவர்கள் கத்தினார்கள். இல்லை, இசை கதையைப் பற்றியதல்ல, அது ஸ்வரங்களால் ஆனது, கதை நாம் ஒட்டவைத்தது என்று விளக்கினார். அவர் சொன்னது குதிரையைப் பற்றி. எங்களுக்குப் பறை நினைவுக்கு வந்தது. பறை என்றால் சாவு, பறை என்றால் தீட்டு என்று ஓர் ஒலியின்மேல் பொருளை ஒட்டவைத்தது யார்? ஒலி வேறு, ஒட்டு வேறு என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று அன்று தெரிந்தது.

1973இல் அவர் ஹார்வர்டில் ஆற்றிய ஆறு உரைகள் சோம்ஸ்கியின் மொழியியலை இசைக்குப் பொருத்திப் பார்த்தவை. அவற்றைக் கடக்க எங்களுக்குப் பொறுமை போதவில்லை. 1990இல் தொடங்கிய டீச்சிங் கம்பெனி, கல்லூரிப் பாடங்களை ஒலிநாடாவில் விற்றது. அதில் ராபர்ட் கிரீன்பெர்க் நடத்திய இசைப் பாடம் முக்கால் மணிநேர உரைகள் 48. கேலியும் கூச்சலுமாக நடத்துவார். தூக்கம் வராது.

இத்தனையையும் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டதை நம்மில் பலர் அறிவோம். அந்த வயலினுக்காகப் பீத்தோவன் எழுதிய புகழ்பெற்ற சொனாட்டா ஒன்றுக்கு 'குரூட்ஸர்' என்று பெயர். 1803 மே 24 அன்று வியன்னாவில் பீத்தோவனோடு அதை முதன்முதலில் வாசித்தவர் குரூட்ஸர் அல்ல, ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். படியெடுக்க நேரமில்லாததால் இரண்டாம் பகுதியைப் பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே வாசித்தார். அவருக்கென்று எழுதப்பட்ட அந்தப் படைப்பு, இருவருக்கும் மனத்தாங்கல் வந்தபின் பாரிஸ் வயலின் கலைஞர் ரொடால்ஃப் குரூட்ஸருக்குச் சமர்ப்பணமானது. அவரோ அதை மேடையில் வாசிக்கவே இல்லை என்கிறார்கள். இன்றும் இசைத்தட்டு உறையில் அவர் பெயர்தான்.

இனி அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெர்ன்ஸ்டீனுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களைப் பாருங்கள். 1958இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முழுநேர உறுப்பினர்களில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. 1962இல்தான் வயலின் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலன் முதல்வராகச் சேர்ந்தார். 1963 ஜனவரியில் 16 வயது ஆந்த்ரே வாட்ஸை இளையோர் கச்சேரியில் அறிமுகப்படுத்தி லிஸ்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை வாசிக்கவைத்தவர் பெர்ன்ஸ்டீன்தான். வாட்ஸின் தந்தை கறுப்பினத்தவர், தாய் ஹங்கேரியர். ஒரு இளைஞனுக்கு மேடையின் நடுவில் இடம் கிடைத்தது. வரிசை நாற்காலிகள் மாறவில்லை.

1969இல் செல்லோ கலைஞர் ஏர்ல் மாடிசனும் டபுள்பாஸ் கலைஞர் ஆர்தர் டேவிஸும் இனப் பாகுபாடு என்று நகர மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டனர். அப்போதும் அங்கிருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆலன்தான். மறு ஆண்டு வந்த தீர்ப்பு, மாற்றுக் கலைஞர்களையும் கூடுதல் கலைஞர்களையும் அமர்த்துவதில் பாகுபாடு இருந்ததை ஏற்றது. நிரந்தர இடத்துக்கான அவ்விருவரின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆலன் 1977இல் குழுவிலிருந்து விலகினார். இளையோர் கச்சேரிகளில் பெர்ன்ஸ்டீனின் பாடம் முடிந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.