கிணற்றுக்கு வந்த மீன்: யாழ்ப்பாணத்துக் கப்பியும் அதன் குட்டிகளும்

கப்பியைத் தெரியாத ஆக்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. கண்ணாடித் தொட்டி வாங்கக் காசில்லாத பெடியனும் ஒரு பெரிய போத்தலில் இரண்டு கப்பி விட்டு வளர்த்திருப்பான். கொஞ்ச நாளில் ஒரு காலைமை போத்தலுக்குள் கண் மட்டும் தெரியிற மாதிரிக் குட்டி குட்டியாக ஏதோ ஓடும். பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்டுதான்: “குட்டி போட்டிட்டுது, இப்ப என்ன செய்யிறது?”

மீன் விற்கிற கடையில் கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லுவினம். ஆனால் அந்தக் குட்டிகள் ஏன் இவ்வளவு லேசாகப் பிழைக்கின்றன, இந்த மீன் எங்கட ஊருக்கு ஏன் வந்தது எண்டு பார்த்தால், கதை அழகு மீனில் தொடங்கவில்லை. அது நுளம்பில் தொடங்குகிறது.

கப்பியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் வடகரையும் அதை ஒட்டிய தீவுகளும். 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் வெனிசுவேலாவில் பிடிக்கப்பட்ட மீன்களை வைத்து இதை முதலில் விவரித்தார். 1866இல் திரினிடாட்டில் இருந்த லெச்மியர் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மாதிரிகளைப் பார்த்த அல்பர்ட் குந்தர், அனுப்பியவரின் பெயரையே மீனுக்கு வைத்தார். அறிவியல் பெயர் பிறகு மாறிவிட்டது. கப்பி என்ற பெயர் மட்டும் சனத்தின் வாயில் நிண்டிட்டுது.

பார்படோஸ் தீவில் இதற்கு வேறு பெயர்: ‘மில்லியன்ஸ்’. இலட்சக்கணக்கில் பெருகுகிற மீன் என்று அர்த்தம். 1897இல் ரொனால்ட் ரோஸ் மலேரியாவை நுளம்புதான் காவுகிறது என்று செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகு, உலகத்தின் பார்வை நுளம்புக் குடம்பி மேல் விழுந்தது. பார்படோஸில் மலேரியா இல்லாததற்கு இந்தக் குட்டி மீன்தான் காரணம் என்று சிலர் வாதாடினார்கள். அதன்பிறகு கப்பியை வாளிகளில் போட்டு நாடு நாடாகக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். இலங்கைக்கு அது வந்த ஆண்டு 1928. அழகுக்கு இல்லை, குடம்பி தின்னுகிற வேலைக்கு.

இந்த வேலைக்குக் கப்பி ஏன் பொருத்தம்? அதன் வாய் மேல்நோக்கித் திறக்கும். நுளம்புக் குடம்பியும் மூச்சு விட நீரின் மேல்மட்டத்துக்குத்தான் வரவேணும். இரண்டாவது, கப்பி முட்டையிடுவதில்லை. நீந்தத் தெரிந்த குட்டியைப் போடும். மூன்றாவது, ஒருமுறை சேர்ந்த பெண் மீன் ஆணின் விந்தைப் பல மாதங்களுக்கு உடலுக்குள்ளே சேமித்து வைத்திருக்கும். ஆண் பக்கத்தில் இல்லாமலே திரும்பத் திரும்பக் குட்டி போடும். ஒரேயொரு பெண் மீனை ஒரு புதுத் தண்ணீரில் விட்டால் போதும், அங்கே ஒரு கூட்டமே உருவாகலாம்.

இருந்தாலும் 1934, 1935 ஆண்டுகளில் இலங்கையில் வந்த பெரும் மலேரியாக் கொள்ளைநோயைக் கப்பியால் தடுக்க முடியவில்லை. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் அடி பலம். மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் துண்டு துண்டாக வற்றின. மிஞ்சிய குட்டைகளில் மலேரியா காவும் நுளம்பு ஆயிரமாயிரமாகப் பெருகியது. இன்று இருந்து நாளை வற்றுகிற குட்டை ஒவ்வொண்டிலும் யார் போய் மீன் விடுவது? கப்பிக்கு வற்றாத, எல்லையுள்ள தண்ணீர் வேணும்.

1946இல் டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகு மீனை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே, 1968, 1969இல், நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. டிடிடிக்கு மசியாத நுளம்புகளும் வந்துவிட்டன. இதற்கிடையில் கப்பி வேறு வழியால் வீட்டுக்குள் வந்துவிட்டது. வால் நீண்டு, நிறம் கூட்டி வளர்க்கப்பட்ட கப்பி கண்ணாடித் தொட்டிக்குரிய அழகு மீனாகி, இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் மீன்களில் முக்கியமான ஒன்றாகவும் மாறியது.

இப்ப யாழ்ப்பாணத்துக்கு வருவம். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே தங்கும் மழைநீர்தான் குடிநீர், தோட்டத்து நீர் எல்லாம். அதனால் வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. ஆற்றங்கரையில் தோற்ற மீனுக்கு, வற்றாமல் நாலு சுவருக்குள் நிற்கிற இந்தத் தண்ணீர் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும்.

அதன் தேவை திரும்பவும் வந்தது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்தச் சந்தோசம் ஆறுமதற்குள், அதே ஆண்டு முடிவில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு இது. மற்ற மலேரியா நுளம்புகள் மாதிரி ஆற்றங்கரையைத் தேடிப் போகாது. கிணறு, நீர்த்தாங்கி, தொட்டி இருந்தால் போதும். அதாவது, எங்கட வீட்டு வளவு. அடுத்த சில வருசத்துக்குள் யாழ் நகரிலும் அதைக் கண்டார்கள். சுகாதாரத் துறையினர் மறுபடி கிணறுகளில் கப்பி விடத் தொடங்கினார்கள்.

டெங்கு பரப்பும் நுளம்பும் சும்மா இருக்கவில்லை. நன்னீரில் மட்டுமே வளரும் எண்டு நாங்கள் நம்பிய ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள், யாழ்ப்பாணக் கரையோரத்தின் பாவிக்காத உவர்நீர்க் கிணறுகளிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வொன்று 2011இல் காட்டியது. கப்பியும் ஓரளவு உப்பைத் தாங்கும் மீன்தான்.

இனி அந்தப் போத்தலுக்கு வருவம். கப்பியைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், குட்டியைப் பராமரிக்கிறது எப்படி எண்டு தானாகவே விளங்கும்.

குட்டி போட ஏறத்தாழ மூண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். பெண் மீனின் வயிறு பெட்டி மாதிரிச் சதுரமாகி, பின்பக்கத்துக் கறுப்புப் பொட்டு பெரிதானால் நாள் நெருங்கிவிட்டது. ஒரு தடவையில் 20, 30 குட்டி வரலாம். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றரை விடச் சின்னன். அசைகிற சின்னப் பொருளெல்லாம் தீன் என்பதுதான் கப்பியின் பழக்கம். குடம்பிக்கும் தன் குட்டிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே தாயைக் குற்றம் சொல்லாமல், குட்டி போட்ட கையோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கோ. மாற்ற வசதியில்லையெண்டால் வேலம்பாசியை நிறையப் போட்டு விடுங்கோ. குட்டிகள் அதற்குள் ஒளிக்கும்.

தண்ணீர் விசயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். சுண்ணாம்பு கலந்த எங்கட கிணற்று நீரைக் கப்பிக்கு நல்லாப் பிடிக்கும். ஆனால் மத்தியானம் மேல் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரை நேரே விட்டிடாதேங்கோ. வெயிலில் கொதித்திருக்கும், குட்டி தாங்காது. குழாயில் வருகிற குளோரின் கலந்த நீரையும் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பாவிக்கலாம். கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். முழுவதையும் மாற்ற வேண்டாம்.

தீன் தூளாக, கொஞ்சமாக, ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம். அவித்த முட்டை மஞ்சட்கருவை ஊசி முனையளவு எடுத்து நீரில் கரைத்தும் விடலாம். மிஞ்சினால் தண்ணீர் நாறும், அன்றைக்கே குட்டிகள் சாகும். கொஞ்சம் வளர்ந்த பிறகு வாளியில் பிடித்த சின்னக் குடம்பியைக் கொடுத்துப் பாருங்கோ, 1928இல் இதைக் கொண்டுவந்த ஆக்கள் என்ன நினைத்தார்கள் எண்டு கண்ணாலேயே காணலாம். ஒரு மாதம் கடந்து ஆணின் கீழ்த்துடுப்பு கூராகத் தொடங்கும்போது ஆண், பெண்ணைப் பிரித்து விடுங்கோ. இல்லையெண்டால் கணக்கு உங்கட கையை விட்டுப் போயிடும்.

கை விட்டுப் போன பிறகுதான் பலர் பிழை விடுகினம். மிஞ்சின குட்டிகளைப் பாவம் பார்த்து ஆரியகுளத்திலோ பக்கத்து வாய்க்காலிலோ கொண்டுபோய் விடுகிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு பெண் மீன் போதும் எண்டு மேலே சொன்னதை யோசிச்சுப் பாருங்கோ. குளத்தில் ஏற்கெனவே இருக்கிற சின்ன மீன்களின் தீனையும் முட்டையையும் இது தின்னும். அங்கே பெருகிய பிறகு அதை ஒருவராலும் திருப்பிப் பிடிக்க ஏலாது.

கிணற்றில் விடவேணும் எண்டால் அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கோ. பாவிக்காமல் கிடக்கிற கிணறு, மூடி போடாத பழைய தொட்டி எங்கெங்கே இருக்கு எண்டு அவருக்குத் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் முழுக்கச் செத்துப் போகும், புதிதாக விடவேண்டி வரும். அந்த நேரம் தேவைப்படுகிறது உங்கட போத்தலில் மிஞ்சி நிற்கிற அந்தக் குட்டிகள்தான்.