கிரீம் விற்றவர்களைக் கேள்வி கேட்ட கறுப்பின மக்கள்

வெள்ளையாக்கும் கிரீம் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு வந்தால், கடைசியில் அது 'தன்னம்பிக்கை வேண்டும்' என்ற அறிவுரையில்தான் முடிகிறது. அறிவுரை பூசிக்கொள்கிற பெண்ணுக்கு. விற்கிறவருக்கு எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் இதை வேறு மாதிரி கையாண்டார்கள்.

1950இல் அங்கே மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் வெள்ளையரா, கலப்பினத்தவரா, கறுப்பரா என்று அரசே முத்திரை குத்தியது. சந்தேகம் என்றால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். அது கீழே விழாமல் சிக்கிக்கொண்டால் அவர் வெள்ளையர் இல்லை! எங்கே குடியிருப்பது, என்ன வேலை பார்ப்பது, யாரை மணப்பது எல்லாம் அந்த முத்திரையில் இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் நிறத்தைக் குறைக்கும் கிரீம் விற்காமல் என்ன செய்யும்? கறுப்பின வாழ்வைத் துணிச்சலாக எழுதிய 'ட்ரம்' பத்திரிகையே அந்த விளம்பரங்களைப் போட்டது.

தொடக்கத்தில் இந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும்; தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கென்யாவின் நைரோபியில் சிறுநீரில் புரதம் போய், உடல் வீங்கி வந்த பெண்களில் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று 1972லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

அடுத்து வந்தது ஹைட்ரோகுவினோன். பூசிய சில வாரங்களில் முகம் வெளுக்கும். தொடர்ந்து பூசிக்கொண்டு வெயிலில் வேலை செய்தால், கன்னத்தில் நீலம் கலந்த கறுப்புத் திட்டுகள் வந்து தடித்துப்போகும். 1975இல் பிரிட்டோரியாவின் தோல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். எளிதில் மறையாத திட்டுகள் அவை. அதை மறைக்க அந்தப் பெண்கள் இன்னும் அதிகமாக கிரீம் பூசினார்கள். வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

1976இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன ஸ்டீவ் பிக்கோ, 'கறுப்பே அழகு' என்ற முழக்கத்தை விளக்கும்போது வெளுப்பாக்கும் கிரீமையும் முடியை நேராக்கும் கருவிகளையும் குறிப்பிட்டார். அவருக்கு அது அரசியல் கேள்வி. 1980களில் நிறவெறி எதிர்ப்பாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து கிரீம்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். 1990இல் ஹைட்ரோகுவினோன் உள்ள அழகு கிரீம்களைத் தடை செய்யும் விதிகள் வந்தன. தோலை வெளுப்பாக்கும் என்று விளம்பரம் செய்யவும் தடை. நம்மைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது தடைதான் பெரிய வெற்றி. ரசாயனத்தை மாற்றிக்கொள்ளலாம், பொய்யை மாற்றுவது கஷ்டம். (கள்ளத்தனமாக இன்றும் அங்கே கிரீம் விற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இன்னொரு செய்தி. அந்த கிரீம்களில் பெரும்பணம் பார்த்தவர்கள் ஏப், சாலி க்ரோக் என்ற இரட்டையர். ஜோகன்னஸ்பர்க்கில் சூதாட்ட விடுதி நடத்த அனுமதி வாங்கும் திட்டத்தின் பகுதியாக அவர்கள் தரப்பு கட்டியதுதான் 2001இல் திறக்கப்பட்ட நிறவெறி அருங்காட்சியகம்.

இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது 1975இல். அதில் பாதரசம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. கறுப்பு என்றால் வேலையும் வரனும் கிடைக்காது என்ற விளம்பரத்தைத்தான் சொல்கிறோம். 2020இல் அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்துக்குப் பிறகுதான் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. நிறத்தை வைத்துச் சாதியைச் சொல்ல முடியாது. கறுத்த பார்ப்பனரும் உண்டு, சிவந்த பறையரும் உண்டு. ஆனாலும் "காலனியா?" என்று கேட்கிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

பாதரசமும் போய்விடவில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, வெளுப்பாக்கும் கிரீம்கள் பிடிபட்டன.

எனவே பார்லரில் பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், உட்பொருள் பட்டியல் இல்லாத எதையும் வீட்டிலும் வைக்காதீர்கள். தங்கம், வெள்ளி மேல் படக் கூடாது என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகம். மருந்துக்கடையில் 'முகத்துக்கு' என்று கேட்டு வாங்கும் டியூபில் ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் இருக்கலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் முகமும் காலும் வீங்கினாலோ, பூசுவதை நிறுத்திவிட்டு அந்த டப்பாவோடு அரசு மருத்துவமனைக்குப் போய், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.